நான் எந்த வார்டிலும் இல்லை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி லெனாட்டுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். உன் சுகத்தையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கோயிலடியிலும் மீன் சந்தையிலும் சொல்லித் திரிவதுபோல நான் ஆஸ்பத்திரியில் கிடக்கவில்லை, எனக்குச் சத்திரசிகிச்சை நடக்கவில்லை, யாரிடமும் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கவுமில்லை. கேட்டவன் என் பெயரில் வந்த ஒரு கள்ளன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கைபேசியைப் பார்த்தால் ஒரு மரண அறிவித்தல். பெயர் இல்லை, படத்தைப் பார்க்க இங்கே அழுத்தவும் என்றிருந்தது. ஒரு செத்தவீட்டைத் தெரியாமல் விட்டால் இந்த ஊரில் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே கடமைக்காக அழுத்தினேன். அது என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டது, கொடுத்தேன். பிறகு எனக்கு ஆறு இலக்கங்கள் வந்தன, அவற்றையும் கேட்டது. துக்கவீட்டில் கையொப்பப் புத்தகம் வைப்பார்களே, அப்படி ஒன்றாக்கும் என்று நினைத்து, கன்னியர் மடத்தில் பழக்கியபடி, கேட்ட கேள்விக்குப் பிழையில்லாமல் விடை எழுதினேன். அந்த ஆறு இலக்கமும்தான் என் வட்ஸ்அப் பூட்டின் திறப்பாம். படமும் வரவில்லை, வட்ஸ்அப்பும் போய்விட்டது. அதன்பின் என் பெயரோடும் படத்தோடும், எனக்குத் தெரிந்த எல்லோருக்கும், "அவசரம், வார்டில் இருக்கிறன், கதைக்க ஏலாது, காசு போடுங்கோ" என்று போயிருக்கிறது.

பாடகர் குழு மரியநாயகி திராட்சைப்பழத்தோடு வார்டு வார்டாகத் தேடி, எங்கும் காணாமல், பிணவறையிலும் விசாரித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். "ரீச்சர், நீங்கள் உயிரோடையே இருக்கிறியள்!" என்றாள், நான் ஏதோ வாக்குத் தவறியதுபோல. "ஓம், குறை நினைக்காதேங்கோ" என்றேன். திராட்சையைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

தங்கச்சியின் மகள் டிலக்ஷிதான் இரண்டு நாள் பாடுபட்டு எல்லாவற்றையும் மீட்டுத் தந்தாள். எனக்கு மட்டுமே தெரிந்த இரகசிய இலக்கம் ஒன்றையும் போடவைத்தாள்.

"பெரியம்மா, போனுக்கு வாற கோட் நம்பரை ஆர் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"பாப்பரசர் கேட்டாலுமோ?"

"பாப்பரசர் கேட்டால் முதல் எனக்கு ஒரு கோல் எடுங்கோ."

நீ பத்து நிமிடத்தில் காசு அனுப்பினாய் என்று சொன்னவளும் அவள்தான். உன் அத்தானின் செத்தவீட்டுக்கு வராமல் லண்டனிலிருந்து மலர்வளையம் மட்டும் அனுப்பியதற்காக இரண்டு வருடமாக நான் உன்னோடு கதைப்பதில்லை. அது உனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, உன்னிடம் காசு கேட்பேன் என்று எப்படி நம்பினாய்? வங்கிக் கணக்கு என் பெயரில் இல்லை, யாரோ முன்பின் தெரியாத ஆணின் பெயரில். அதையாவது வாசித்தாயா? கதைக்க ஏலாது என்பவனை அல்லவா முதலில் கதைக்கவைக்க வேண்டும்! காசை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு டிலக்ஷிக்கு அழைப்பெடுத்து "அக்கா எந்த வார்ட் பிள்ளை?" என்று அழுதாயாம். இவ்வளவு படித்த பொறியியலாளன் நீ! கடிதம் கிடைக்குமுன்பே டிலக்ஷி சொல்லியிருப்பாள், இருந்தாலும் நானும் சொல்கிறேன்: உடனே உன் வங்கிக்கு அறிவி. அந்தக் காசுக்கு நான் பொறுப்பல்ல, அதற்கு நன்றியும் சொல்லப்போவதில்லை. நமக்குள் உள்ள பிணக்கு அப்படியே இருக்கிறது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மாதா உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மூத்த அக்கா,
மக்டலீன்

பி.கு.: கடமைக்காக அழுத்தினேன் என்று மேலே எழுதியது பொய். அந்த அறிவித்தலில், "குருநகரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்டவர்" என்று இருந்தது. பெயர் மட்டும் இல்லை. அந்த நேரம் கேட்டிருந்தால் வீட்டுத் திறப்பையும் கொடுத்திருப்பேன். கைபேசியில் வருவது எதையும் இனி நான் நம்பப்போவதில்லை. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒரு கடிதம் எழுது.