ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வயிறு

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் மாஸ்டர் கழிப்பறைக்குள் நுழைந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது ஒன்று மட்டும்தான் முடிந்திருந்தது. ரெண்டு, வழக்கம்போல மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்தது.

"ஆச்சா?" என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆச்சு ஆச்சு. ஜோரா ஆச்சு."

ஆகவில்லை என்பது அவருக்கும் அவர் வயிற்றுக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம். குழாயைத் திறந்துவிட்டு, வாளியைத் தடதடவென்று நிரப்பி, பெரிய காரியம் முடித்தவர் மாதிரி ஒரு பெருமூச்சும் விட்டு, முகத்தில் நிம்மதியை வரவழைத்துக்கொண்டு வெளியே வருவதில் மனுஷன் தேர்ந்த நடிகராகியிருந்தார். என்ன, நாடகம் தினமும் நடந்தது. வசூல்தான் இல்லை.

மாஸ்டருக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. காலையில் காரில் உட்கார்ந்தால் இருட்டும்போதுதான் எழுந்திருப்பார். நடுரோட்டில் ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். "தண்ணி குடிங்க, கீரை சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க" என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. "நான் என்ன ஆடா, மாடா?" என்று அவர் கேட்காத நாளும் இல்லை. இப்போது போய் வயிறு அடைத்துக்கொண்டது என்று சொன்னால், ஆயுசுக்கும் அவள் கை ஓங்கிவிடும். அதனால் வாயையும் அடைத்துக்கொண்டார்.

இது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம். உள்ளே வேறொன்று இருந்தது. அவருடைய அண்ணனும் இப்படித்தான் வயிற்றுக் கோளாறை யாரிடமும் சொல்லாமல் காலம் தள்ளினார். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனார். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து மாஸ்டர் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே காரை வேறு தெருவில் திருப்பிவிடுவார். கொஞ்ச நாளாகப் போகிற கொஞ்சத்திலும் ரத்தம் தெரிந்தது. பார்த்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இடுப்பும் இளைத்துக்கொண்டே வந்தது. பேன்ட் நழுவினால் அவள் கண்டுபிடித்துவிடுவாளே! வீட்டிலேயே தையல்காரியை வைத்துக்கொண்டு, கடைத்தெருவின் அந்தக் கோடியில் இன்னொரு தையல்காரியிடம் திருட்டுத்தனமாகப் போய் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் அவள் மிஷினை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்குக் கொஞ்ச நாளா சரியா போக மாட்டேங்குது."

"எங்க போக மாட்டேங்குது?"

"எங்க போகணுமோ அங்கதான்."

மாஸ்டருக்கு வந்த சந்தோஷத்தை எழுதி மாளாது. தண்ணீர் குடிக்கிறாயா, கீரை சாப்பிடுகிறாயா, இப்படி மிஷினே கதி என்று உட்கார்ந்திருந்தால் குடல் எப்படி நகரும் என்று, அவள் இத்தனை வருஷமாகச் சொன்னதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சி நடக்குதாங்க. பேதி மருந்து குடிக்க வச்சு, அது உள்ள போய் என்ன பண்ணுதுன்னு ஸ்கேன்ல படம் பிடிக்கிறாங்களாம். யூனிஃபார்ம் தைக்கக் குடுப்பாங்களே, அந்த நர்சம்மா சொன்னாங்க."

"பேதி மருந்து என்ன பண்ணும்னு தெரியாமயா இத்தனை நாள் குடுத்துக்கிட்டிருந்தாங்க?"

"வெளிய என்ன பண்ணும்னு தெரியுமாம். உள்ள எப்படிப் பண்ணுதுன்னுதான் பார்க்கணுமாம். எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு. கூட வரீங்களா?"

தனக்காக என்றால் அந்த வாசலை அவர் மிதித்திருக்க மாட்டார். மனைவிக்காக என்றபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார். அவளுக்கு மருந்து கொடுத்தால் அதில் பாதியை எப்படிச் சுருட்டலாம் என்று வழியெல்லாம் யோசனை.

ஆஸ்பத்திரியின் அந்தப் பகுதியில் ஒரு நீளமான நடை. தரையோடு திருகிவைத்த நாற்காலிகள். மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஆணி அடிப்பதைப் போல ஓயாமல் சத்தம் போட்டது. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போன சுருக்கில் திரும்பி வந்தாள்.

"என்னைச் சேர்த்துக்க மாட்டாங்களாம். விரல்ல ஒரு தடவை ஊசி ஏறி முனை உள்ளயே தங்கிடுச்சுல்ல? அந்த மிஷின் பூரா காந்தமாம். இழுத்துடுமாம்."

"அடடா!" என்றார் மாஸ்டர். நிஜமாகவே வருத்தப்பட்டார். மருந்து போச்சே.

"ஆனா உங்களைச் சேர்த்துக்கலாமாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வயிறும் வேணுமாம். உங்களுக்குத்தான் தினமும் ஜோரா ஆகுதே."

மாஸ்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். வெள்ளந்தியான முகம். பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவித் தன் வாயில் விழுந்ததாகவே நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "கடைசியா எப்ப நல்லா போனீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கிண்டல் இல்லாமல் அவரிடம் கேட்டதில்லை. நல்ல வயிறாவது ஒன்றாவது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எல்லாவற்றையும் என்றால், ரத்தத்தைத் தவிர.

"ரத்தம் ஏதாவது போகுதா?"

"சே சே."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"இல்லையே. பேன்ட் எப்படிப் பிடிச்சு நிக்குது, பாருங்க."

அப்புறம் கையைக் கூப்பினார். "ஒரே ஒரு உதவி டாக்டர். என் வீட்டுக்காரிக்கு மட்டும் இது நல்ல வயிறாவே இருக்கட்டும்."

"மலச்சிக்கல்காரங்க பட்டியல்லயே உங்களைச் சேர்த்துக்கறேன். உங்க விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

குழாய் மாதிரியான அந்த இயந்திரத்துக்குள் அவரைப் படுக்கவைத்துத் தள்ளினார்கள். மூக்குக்கு மேலே கையகலம்தான் இடம். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று ஒரு குரல் உத்தரவு போட்டது. பிடிப்பதில் அவருக்குச் சிரமமே இல்லை. விடுவதில்தானே பிரச்சினை. முதல் படங்கள் முடிந்ததும் ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் பொடியைக் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். கொஞ்சம் உட்கார வைத்தார்கள். மறுபடி உள்ளே. மறுபடி வெளியே.

அவர் ஆசைப்பட்டதால் டாக்டரம்மா திரையைக் காட்டினார்.

"இது சிறுகுடல். சுத்தி வளைச்சுப் போகுதே, இது பெருங்குடல். உள்ள கறுப்பா திட்டுத் திட்டா இருக்கே, அதுதான் நீங்க வெளிய விடாம வச்சிருக்கிறது."

"இவ்வளவா!"

"இந்த மருந்து உடம்புல கலக்காது. குடிச்ச தண்ணியை இறுக்கப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கீழ இறங்கும். தண்ணி படத்துல வெள்ளையாத் தெரியும். வெள்ளை எது வரைக்கும் போகுது, கறுப்பை எப்படி இளக்குதுன்னு பார்த்தா, மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சிடும்."

அடுத்த படத்தில் சிறுகுடல் பூராவும் வெள்ளை. அதற்கடுத்ததில் பெருங்குடலுக்குள் எட்டிப் பார்த்தது. கறுப்புத் திட்டுகளின் ஓரம் கரைந்தது. நெரிசலில் மாட்டின வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்கிற மாதிரி இருந்தது மாஸ்டருக்கு. "வா வா, அப்படித்தான், நிதானமா வா" என்று தன்னை மறந்து சொன்னார். டாக்டரம்மா சிரித்தார்.

அதற்கும் அடுத்த படத்தில் சிரிக்கவில்லை.

இடது பக்கம் கீழே இறங்குகிற இடத்தில் வெள்ளை நின்றிருந்தது. "குடல் சுருங்கிச் சுருங்கி விரியும். அடுத்த தடவை விரியலாம்" என்றார். மறுபடி எடுத்தார்கள். அதே இடம். குடலை வெளியிலிருந்து யாரோ ஒரு கையால் பிடித்து நெரிக்கிற மாதிரி அதே இறுக்கம். வெள்ளை அதற்கு மேலேயே தேங்கிக் கிடந்தது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தம் போகுதான்னு கேட்டேன்."

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"போகுதா?"

"போகுது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இது நோய் கண்டுபிடிக்க எடுத்த படம் இல்லை. என்னன்னு நான் சொல்லவும் கூடாது. ஆனா நாள் கடத்தாம வேற டாக்டர் உங்களைப் பார்க்கணும். ஆராய்ச்சியில இருந்து உங்களை நிறுத்திடறேன்" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தோற்றவர்தான் மாஸ்டர். மலச்சிக்கல்காரர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற இடத்தில்கூடத் தேறாமல் போவோம் என்று அவர் நினைக்கவில்லை.

நடையில் அவள் எழுந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"அருமையான வயிறாம். இன்னும் ரெண்டு மூணு தடவை வரணுமாம்."

"அப்படியா" என்றாள் அவள். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

அடுத்த தடவை கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். கட்டி. உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். மாஸ்டருக்கு அண்ணனின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனாலும் வீம்பு போகவில்லை. பிழைத்தால் பிழைத்தபின் சொல்லிக்கொள்ளலாம், இல்லையென்றால் சொல்கிற வேலையே மிச்சம் என்று தனக்குள் ஒரு கணக்கு. வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியின் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மனைவியிடம் ஒரு போடு போட்டார்.

"நல்லதாப் போச்சு. பையை நான் எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

வைத்தாள். மாஸ்டர் திறந்து பார்த்தார். சட்டைகள் எல்லாம் புதுசு, முன்பக்கம் முழுசாகத் திறக்கிற மாதிரி. கீழே போட, இடுப்பில் அழுத்தாமல் நாடா வைத்துத் தைத்த தொளதொள பைஜாமாக்கள். பேன்ட் ஒன்றுகூட இல்லை. பெல்ட் இல்லை.

"ஏம்மா, பயிற்சிக்குப் போறவனுக்குப் பேன்ட் வேண்டாமா?"

"தையல் பிரிக்கிற வரைக்கும் பேன்ட் போடக் கூடாதாம். நர்சம்மாகிட்ட கேட்டுட்டேன்."

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களா?"

"அந்தம்மா வாயே திறக்கலை. நீங்கதான் சொன்னீங்க. ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தீங்க. கல்யாணமான நாள்ல இருந்து தெருவுல நீங்க என் கையைப் பிடிச்சதில்லை."

"அது... கூட்டமா இருந்துச்சு."

"தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிச்ச சீட்டும் உங்க சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அது கிடக்கட்டும். இன்னொருத்திகிட்ட போயிட்டு வந்தீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"யார்கிட்ட?"

"உங்க பேன்டைத் துவைக்கிறவ நான். அடுத்தவ தையல் எனக்குத் தெரியாதா? அதுவும் என்ன கோணத் தையல்! ஒரு தடவை இல்லை, மறுபடி மறுபடி பிடிச்சிருக்கு. இளைச்சுக்கிட்டே போறீங்கன்னு அப்பதான் பயந்தேன். கூப்பிட்டா வர மாட்டீங்க. அதனால எனக்குன்னு சொன்னேன். தனியா விட்டா டாக்டர்கிட்ட சொல்லிடுவீங்கன்னு தெரியும். எங்கிட்டதானே சொல்ல மாட்டீங்க."

மாஸ்டர் ஒரு பைஜாமாவை எடுத்து அதன் நாடாவை இழுத்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப உனக்கு மலச்சிக்கல்?"

"எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும். ஊசி மட்டும் நிஜம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"உங்க அண்ணி இன்னிக்கும் 'எனக்குத் தெரியாமப் போச்சே'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. என்னால அப்படித் திரிய முடியாதுங்க" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷின் பக்கம் போய்விட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மீதியை ஒட்டுப் போட்டார்கள். கெட்ட கட்டிதான். பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருந்தது. பல மாதம் மருந்து ஏற்ற வேண்டும், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. மருந்து ஏறிய பிறகு குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலில் முள் குத்தியது. சாப்பாடு இரும்பாக ருசித்தது. முடி மெலிந்தது. கண்ணாடியில் அண்ணனே வந்து நின்றார். வயிறு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. யாருக்கு வேண்டும் அந்த ஒழுங்கு?

இனி அந்த ஊசியைக் குத்திக்கொள்வதில்லை, சாவதானால் நிம்மதியாகச் சாகிறேன் என்று ஒரு காலையில் மாஸ்டர் முடிவெடுத்தார். எங்காவது போய்விட வேண்டும். "நான் முன்னால ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ வேலையை முடிச்சிட்டு மெதுவா வா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, முக்குத் திரும்பியதும் ஒரு டாக்சியை நிறுத்தி ஏறினார்.

"ரயில்வே ஸ்டேஷன் போப்பா."

டாக்சி நேர் எதிர்ப்பக்கம் திரும்பியது.

"ஏம்பா, ஸ்டேஷன் அந்தப் பக்கம்!"

"தெரியும் மாஸ்டர்" என்றார் டிரைவர். மாஸ்டர் குனிந்து முகத்தைப் பார்த்தார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் அவரிடம் மாதக்கணக்கில் திட்டு வாங்கிய ஆள். "ஸ்டேஷன்னு சொன்னா ஆஸ்பத்திரின்னு எடுத்துக்கணும்னு அக்கா சொல்லியிருக்காங்க."

மாஸ்டர் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பின்னால் வந்த டாக்சியைக் கைகாட்டி ஏறினார். இந்தத் தடவை உஷாராக, "பஸ் ஸ்டாண்ட்" என்றார்.

"பஸ் ஸ்டாண்டும் ஆஸ்பத்திரிதான் மாஸ்டர்" என்றது முன்சீட்டுக் குரல். "சீட் பெல்ட்டைப் போட்டுக்குங்க."

ஊரில் டாக்சி ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள் என்பது அவருக்கு எப்போதும் பெருமையாகவே இருந்தது. அன்றைக்கு முதல்முறையாகக் கசந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எப்படி எனக்கு முன்னால வந்தே?"

"நானும் டாக்சியிலதாங்க வந்தேன். என்ன வேகம், ஒரு குலுக்கல் இல்லை. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். "உள்ள வாங்க."