துன்பியல் நாடகம் சுபமாக முடிந்த விவரம்

மதிப்புக்குரிய பெரிய மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். நீங்களும் பெரியவளும் குழந்தையும் அவ்வண்ணமே இருக்க விரும்பும் மாமனார் எழுதுவது. கல்லூரியில் நாடகம் கற்பிக்கும் தாங்கள், எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு எழுதி அனுப்பிய துன்பியல் நாடகம் நேற்று மேடையேறியது. கதைக்கரு, பாத்திரம், உரையாடல், முரண் நான்கும் உருப்படியாக இருந்தால் நாடகம் தானாக நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். நின்றது மாப்பிள்ளை. பாதியில் நின்றது.

கதாநாயகி, வருகிற வரன்களையெல்லாம் தட்டிக்கழிக்கும் நம் சின்னவள். கதாநாயகன் கீழ்வீட்டுப் பல் டாக்டர். நல்ல பையன், ஆனால் அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தே பழகியவர், தன் வாயைத் திறக்கமாட்டார். அதனால் வசனம் எடுத்துக்கொடுக்க என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கடைசிக் காட்சியில் அவர் "போய்விடு" என்பார், இவள் கதவைத் திறந்துகொண்டு ஒரேயடியாகப் போகவேண்டும், கூட்டம் அழவேண்டும். உங்கள் அத்தை கைக்குட்டையோடு முன்வரிசையில் தயாராக இருந்தாள். அவரும் சொன்னார், இவளும் கதவுவரைக்கும் போனாள். போனவ அங்கேயே நின்னா. அப்புறம் திரும்பி வந்து நாற்காலியில உட்கார்ந்து, "நான் போகலை"ன்னுட்டா. நீங்க எழுதினதுல அப்படி ஒரு வரியே கிடையாது. டாக்டர் திருதிருன்னு முழிக்கிறார். சரி, நம்ம கடமையைச் செய்வோம்னு நான் உள்ளேயிருந்து "போ, போயிடு"ன்னு எடுத்துக்கொடுத்தேன். மனுஷன் நான் அவரைத்தான் விரட்டுறேன்னு நினைச்சுட்டார். சட்டையில மைக் வேற. "சார், என்னைப் போகச் சொல்லாதீங்க. உங்க பொண்ணை எனக்கு ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு, சொல்லத்தான் தைரியம் வரலை"ன்னு அத்தனை பேர் முன்னாடி திரையைப் பார்த்துச் சொல்றார். சின்னவ அவரையே பார்த்துட்டிருந்தா. "இதை ஏன் எங்கப்பாகிட்ட சொல்றீங்க, என்கிட்ட சொல்லுங்க"ன்னா. கைதட்டல் அடங்கவே இல்லை. உங்க அத்தை அழுது தீர்த்துட்டா. உங்க திட்டப்படி நடந்தது அது ஒண்ணுதான்.

இதைத் துன்பியலில் சேர்ப்பதா இன்பியலில் சேர்ப்பதா என்பதைத் தாங்கள்தான் சொல்லவேண்டும். நாடகத்தின் முடிவையே மாற்றுகிற அளவுக்கு மகள் மனசில் காதல் இருந்திருக்கிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமே கல்யாணம். பெரியவளுக்கு ஆசிகள், குழந்தைக்கு முத்தங்கள்.

வசனம் மறந்தவர்களுக்கு என்றும் உதவும்,
மாமனார்

பின்குறிப்பு: இதைச் சின்னவளிடம் படித்துக் காட்டினேன். "காதலும் இல்லை, ஒண்ணும் இல்லைப்பா. புது பெயின்ட்ல கதவு ஒட்டிக்கிச்சு. இழுத்து இழுத்துப் பார்த்தேன், திறக்கலை. வேற வழியில்லாம வந்து உட்கார்ந்தேன்" என்கிறாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. அப்போ கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிடவா என்று கேட்டேன். "கதவு திறக்கலைன்னுதானே சொன்னேன்" என்றாள். பல் கூசுகிறதாம், கீழ்வீட்டுக்குப் போயிருக்கிறாள். இன்னும் திரும்பவில்லை.