பச்சைக் கொடி காட்டாத கச்சேரி

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம், என் இடது காது மட்டும் சற்று அப்படி இப்படி. அங்கே நீங்களும் அக்காவும் பெயிண்ட் கடையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடத்தை என் மகளுக்குக் கொடுங்கள். அவளுடைய இசைக்குழு போன சனிக்கிழமையோடு கலைந்துவிட்டது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், சாக்ஸபோன் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, மச்சான்.

ஜாஸும் பங்க்கும் கலந்த குழு அது. மகளும், ஆளுயரப் பிடில் ஒன்றை நின்றுகொண்டு வாசிக்கும் மருந்துக்கடைக்காரரும் ஜாஸ் கட்சி. ஒரு பாட்டை எடுத்தால் மனம்போன போக்கில் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். கிட்டார் அடிக்கும் சைக்கிள் மெக்கானிக்கும், டிரம்ஸ் அடிக்கும் பல் டாக்டரின் உதவியாளர் பெண்ணும் பங்க் கட்சி. கத்தலும் கோபமும்தான் அவர்கள் சங்கீதம், நாம் தும்மி முடிப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும். முதல் கச்சேரி ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு விழாவில், பங்க் கட்சி கத்தி முடித்துக் கீழே இறங்கி டீ குடித்து, விற்பனைக்கு வைத்திருந்த சோபாவிலும் உட்கார்ந்துவிட்டது, ஜாஸ் கட்சி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அதே பாட்டின் நடுவில் இருந்தது, மறுநாள் பத்திரிகையில் இரண்டு குழுக்கள் வாசித்ததாகவும் அதில் ஒன்று தேறும் என்றும் எழுதிவிட்டார்கள். எந்த ஒன்று என்று எழுதவில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பம்.

அப்போது மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, ரயில்ல கார்டா இருந்தவர் நீங்க. எப்போ கிளம்பணும், எப்போ நிக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க. நாலு பேரும் கட்டுப்படுறோம்." ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதற்கும் வந்ததில்லை, உங்கள் தங்கை காய் நறுக்கக்கூடக் கூப்பிடுவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேடையோரம் விசிலும் கொடிகளுமாக நின்றேன். பச்சை என்றால் ஆரம்பம், சிவப்பு என்றால் யார் எங்கே இருந்தாலும் முடிவு. குழு கிடுகிடுவென்று வளர்ந்தது. பெரிய அரங்குகள், ஒரு இசைத்தட்டு, அதன் உறையில் படமாகக் கொடி பிடித்த என் கை மட்டும்.

கடைசியில் அந்தச் சனிக்கிழமை. விளையாட்டு மைதானம், கூட்டம்னா அப்படியொரு கூட்டம், ஒருத்தர்கூட உட்காரவில்லை. நான் என்ன செய்வேன்? பயணிகள் படியில் தொங்கும்போது பச்சை காட்ட எந்த விதியிலும் இடமில்லை.

"ஐயா, இந்தப் பாட்டுக்கு நின்னு குதிக்கத்தான் வந்திருக்காங்க, காட்டுங்க" என்றான் மெக்கானிக்.

"எல்லாரும் உக்காரட்டும், காட்டுறேன்" என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்துக் கத்தியது, நான் விசில் அடித்தேன், அவர்களும் பதிலுக்கு அடித்தார்கள், அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது, அமைப்பாளர் வந்து மின்சாரத்தையே நிறுத்திவிட்டார். ஒரு சுரம்கூட வாசிக்காமல் திரும்பினோம். வேனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் மேல் தப்பில்லை. ஆனாலும் மகள் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. எப்படியாவது அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசியும், நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு என் பொறாமையும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குழுவின் மற்ற மூவரும் வாசலில் வந்து நின்றார்கள். அன்றைய விசில் சண்டையை யாரோ பதிவு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்களாம், எங்களுக்கும் அதே வேண்டும் என்று பல ஊர்க்காரர்கள் கூப்பிடுகிறார்களாம். ஒரு கூட்டத்தை வாசிக்காமலே இவ்வளவு கோபப்படுத்தியது பங்க் என்கிறான் மெக்கானிக். முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் நானும் கூட்டமும் மாறி மாறி அடித்தது ஜாஸ் என்கிறார் மருந்துக்கடைக்காரர். இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒன்றுபட்டிருக்கிறது. மகள் கதவைத் திறந்துவிட்டாள். அடுத்த வாரம் ஊர் ஊராகக் கிளம்புகிறோம், ஒவ்வோர் ஊரிலும் முதலில் நான் பச்சை காட்ட மறுக்க வேண்டுமாம். ஆகவே வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். ஓய்வு பெற்றபோது நான் உங்களுக்குத் தந்த கறுப்புக் கோட்டை மட்டும் உடனே அனுப்புங்கள். பொத்தான் தைக்க வேண்டாம், பெயிண்ட் கறையையும் துடைக்க வேண்டாம். இந்தச் சங்கீதத்துக்கு அப்படி இருந்தால்தான் மரியாதையாம்.