அப்பாவோடு வரவும்

“மனக்கவலை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் சோம்பல். பத்துத் தடவை மாடிப்படி ஏறி இறங்கினால் போய்விடும்.”

பிரிக்பீல்ட்ஸ் தனியார் கல்லூரி ஒன்றில், 1988-இல், ஒழுங்கு ஆசிரியர் சபாபதி இப்படி அறிவித்தபோது, புதிய ஆலோசகர் குணேஸ்வரி எதிரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறைக் கதவில், ‘எந்த இனம், எந்த மதம், எந்தப் பாடத்தில் பெயில் என்றாலும் வரலாம், துணைக்கு ஆளையும் கூட்டி வரலாம்’ என்று நான்கு மொழிகளில் ஒட்டியிருந்தது.

செவ்வாய் மதியம் சபாபதியின் பௌதிக வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கு ஆறு பேர் இருந்தார்கள்.

“மத்தவங்க எங்கடா?”

“கவலையில இருக்காங்க சார்.”

ஆலோசகரிடம் போக அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார் சபாபதி. மறுநாளே இருபத்தாறு கையெழுத்து வந்தது. எல்லா அப்பாக்களும் ஒரே பச்சைப் பேனா வைத்திருந்தார்கள்.

‘அப்பாவோடு நேரில் வரவும்’ என்று தன் கையாலேயே நோட்டீஸ் ஒட்டினார்.

அப்பாக்கள் வந்தார்கள். கிள்ளானிலிருந்து, காப்பாரிலிருந்து, லோரியை ஓரங்கட்டிவிட்டு. குணேஸ்வரி அவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். அப்பாக்கள் வர ஒரு மணி நேரம் ஆனது.

“மிஸ், இது காலேஜா, கல்யாண மண்டபமா?”

“கவலைக்கு வயசில்லை சார். நீங்களும் வாங்கோ.”

“நானா? நான் படி ஏறிக்கிறேன்லா!”

உண்மையில் சபாபதிக்கும் ஒரு சோம்பல் இருந்தது. அம்மா இறந்ததிலிருந்து அப்பா கன்னையா வீட்டில் வாயைத் திறப்பதில்லை. இப்போது ஒரு மாதமாக, செவ்வாய்தோறும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுகிறார். கேட்டால், “வேலை இருக்கு.” எழுபது வயதில் என்ன வேலை? சபாபதிக்குத் தூக்கம் போயிற்று. நாற்பது தடவை படி ஏறிப் பார்த்தார். மூச்சுதான் வாங்கியது.

அடுத்த செவ்வாய், வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. சபாபதி பின்படி வழியாக இறங்கி, ஆலோசகர் அறை வாசலில், கடைசி நாற்காலியில், செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

கிளார்க் பவுனம்மாள் தாளை விலக்கினாள்.

“அப்பா வந்திருக்காரா சார்?”

“என்ன விளையாட்டு? எனக்கு நாப்பத்தஞ்சு வயசு!”

“உங்க நோட்டீஸ்ல வயசு போடலியே.”

சபாபதி எழுந்தார்.

“உக்காருங்க சார், உங்க அப்பா உள்ளதான் இருக்காரு. அப்பா வர முடியாத பசங்க பதினோரு பேருக்குச் செவ்வாக்கெழமைன்னா அவருதான் அப்பா!”