மூன்று அழுத்து, நிறுத்து, ஒன்று அழுத்து

ஊரிகம்,
7 நவம்பர் 1999

பல்லவி கீபோர்டு நிறுவனத்தின் உரிமையாளரும் என் மனைவி ஜெயசீலியின் தம்பியுமாகிய திரு. ஏசுபாதம் அவர்களுக்கு, மனோகர் அனுப்பும் நோட்டீஸ்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பெங்களூர் பீன்யாவில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சுகமாக இருந்தால்தான் கோர்ட்டுக்கு வர முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், அழுத்தினால் டிக்கென்று தட்டும் ஒரு செப்புத் தகடு. தொழிற்சாலையின் டூல் ரூம் வேலையை உதறிவிட்டு வந்து (எண்பத்து நாலில் எனக்கு வரவேண்டிய ஃபோர்மேன் பதவி யாருக்குப் போனது என்பதை இங்கே எழுதமாட்டேன், மறக்கவும் மாட்டேன்) வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதை உருவாக்கியவன் நான். தாங்கள் அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தீர்கள். போன வருஷம் பெங்களூருக்குப் போகும்போது என் வரைபட நோட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். இப்போது அதே சுவிட்ச் தங்கள் மகள் பெயரில் கடை கடையாக விற்கிறது. கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். ஈஸ்டர் அன்று என் வாசலில் நின்றே சொன்னீர்கள்: "மாமா, நீங்களும் ஏலத்துல வந்த ஜெர்மன் கீபோர்டைப் பிரிச்சுப் பார்த்துத்தானே செஞ்சீங்க? நீங்க பார்த்தா படிப்பு, நான் பார்த்தா திருட்டா?" நான் பார்த்தது ஒன்று, செய்தது வேறொன்று. தகட்டின் வளைவில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. இதற்குமேல் 'தாங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றவன் நீ.

ராபர்ட்சன்பேட்டையில் வக்கீல் முனியப்பனைப் பார்த்தேன். உன் சுவிட்ச், என் சுவிட்ச் இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அந்த மனிதர் கேஸைக் கேட்காமல் உன்னுடையதையே அரை மணி நேரம் டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது, கையை எடுக்கவே மனசு வரல" என்றார். என்னுடையதை நகர்த்தி வைத்தேன். ஒரே ஒரு தரம் அமுக்கிவிட்டு, "ஓ, இதுதான் காப்பியா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். குடையை அங்கேயே வைத்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்கமாட்டேன்.

ஜூன் மாதத்திலிருந்து என் சுவிட்ச் சரியில்லை என்பது உண்மைதான். ஜூனில்தான் உன் அக்கா உன் வீட்டுக்கு வந்தாள் என்பது தற்செயல். அவளைப் பற்றி இந்த நோட்டீஸில் ஒன்றும் இல்லை. மூட்டையாக வரும் ஸ்பிரிங்குகளை விரலால் அமுக்கிப் பிரிப்பது அவள் வேலை. விறைப்பானது ஒரு டப்பா, துவண்டது ஒரு டப்பா, சரியானது மடியில். அவள் போனபின் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவை உட்கார வைத்தேன். அந்த அம்மாள் எதை அமுக்கினாலும் "நல்லாத்தான் கீதுபா" என்கிறாள். சோதித்துப் பார்க்க ஒரு கோணல் ஆணியைக் கொடுத்தேன். அதுவும் நல்லாத்தான் இருந்ததாம். கம்ப்யூட்டர் சென்டர் ஷில்பா டீச்சர் பன்னிரண்டு கீபோர்டையும் ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள். "அங்கிள், ஒரு எழுத்து அடிச்சா ஒரு லைன் வருது" என்றாள். அதிலும் உன் அக்காவின் சம்பந்தம் ஒன்றுமில்லை.

அவள் ஏன் போனாள் என்று உன்னிடம் அவள் சொல்லியிருப்பாள், ஆனால் தப்பாகச் சொல்லியிருப்பாள். பேட்டன்ட் விண்ணப்பத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எட்டிப் பார்த்து, "என் பேரு எங்க?" என்றாள். "நீ அமுக்கினே, அவ்வளவுதானே" என்றேன். "அப்ப அதையும் நீங்களே அமுக்கிக்குங்க" என்று பஸ் ஏறிவிட்டாள். இவ்வளவுதான் நடந்தது.

போன வாரம் பெங்களூர் வந்தேன். உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. உன் தெருமுனை டீக்கடையில் இரண்டு மணி நேரம் நின்றது டீக்காக. உன் கீபோர்டு ஒன்றை வாங்கினேன். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு: ஒவ்வொரு சுவிட்சும் மூன்று முறை அழுத்தி, நிறுத்தி, மறுபடி ஒரு முறை அழுத்திச் சோதிக்கப்பட்டது. ஏசுபாதம், சுவிட்சை எத்தனை தரம் அமுக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் விதி கிடையாது. இது தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் மணி. என் அப்பா நந்திதுர்க் ஷாஃப்ட் வாயில், ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவர். மூன்று அடித்தால் கேஜில் ஆள் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு அடித்தால் இறக்கு, ஒன்று அடித்தால் ஏற்று. சுவிட்சைச் சோதிக்கும்போது என் விரல் தானாக மூன்றும் இரண்டும் தட்டும். உன் அக்கா மூன்றும் ஒன்றும்தான் தட்டுவாள். "எங்கப்பா சுரங்கத்துக்குள்ள கூரை சரியாம மரம் கட்டுனவரு. நீங்க பாட்டுக்கு ஆளை எறக்கிக்கினே கீறீங்க, யாரு ஏத்தறது?" என்பாள். காலையிலிருந்து நான் இறக்கிய ஆட்களையெல்லாம் சாயங்காலச் சங்குக்குள் அவள் ஏற்றிவிடுவாள். பதினோரு வருஷம் இந்தச் சண்டை. உன் பட்டறைப் பெண்களுக்கு ஏன் என்றே தெரியாமல் பீன்யாவில் தினமும் ஆள் ஏறிக்கொண்டிருக்கிறது.

நீ என்னிடமிருந்து எடுத்திருந்தால் அந்தச் சீட்டில் மூன்றும் இரண்டும் இருந்திருக்கும். படித்தவுடன் கேஸ் போய்விட்டது என்று புரிந்தது. வீட்டுக்கு வந்து நூற்றியொரு சுவிட்சையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவள் விரல் இருந்தது. மறுபடி முதலிலிருந்து, மூன்றும் ஒன்றுமாக அமுக்கினேன். சுவர் வழியாகப் பாப்பம்மா, "இன்னாபா, ஜெயசீலி வந்துட்ச்சா?" என்று கத்தினாள்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். இந்த நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் தயாரிப்பை நிறுத்தவேண்டும். வரைபட நோட்டைத் திருப்பித் தரவேண்டும். பத்திரிகையில் மன்னிப்புக் கேட்கவேண்டும். தவறினால் நடப்பவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

குழந்தை பல்லவிக்கு என் ஆசீர்வாதம். அவள் பெயரைச் சுவிட்சில் போட்டது அவள் குற்றமல்ல.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் மாமா,
மனோகர்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. நோட்டை நீயே வைத்துக்கொள். இத்துடன் புது விண்ணப்பப் படிவம் இருக்கிறது. 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் ஜெயசீலி என்று எழுதியிருக்கிறேன், அதில் வேறு பெயர் இல்லை. என் சுவிட்ச் ஒன்றும் உறைக்குள் இருக்கிறது. மட்டமானதுதான், சத்தம் வந்தால் போதும். அக்காவிடம் வாயால் ஒன்றும் சொல்லாதே, நீ சொன்னால் கெட்டுப்போகும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தரம் அமுக்கு. நிறுத்து. ஒரு தரம் அமுக்கு. கீழே ஆள் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும்.