இஷ்டக்காரர் விரல் நீட்டினார்

போன ஆடி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மேகம் இருந்தது, மழை இல்லை. திருப்பூரில் எந்த அரசாங்கத்தாலும் அசைக்க முடியாத ஒரே மனிதர் தன் ஆள்காட்டி விரலை நீட்டிய நேரம் அது.

முதலிபாளையத்தில் எங்கள் வீதி முனையில், காலர் வைத்த பனியன்களுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் கடை அவருடையது. எதைக் கேட்டாலும் "என்ற இஷ்டமுங்க" என்பார். அதனால் இஷ்டக்காரர். ஆயுளில் ஒரு பீடி குடித்ததில்லை. ஆனால் சினிமாவில் புகை பிடிக்காதே என்று எச்சரிக்கை போட்டால், இடைவேளையில் ஒரு சிகரெட் வாங்கிவந்து, பற்றவைக்காமல் படம் முடியும்வரை கையில் பிடித்திருப்பார். கொசு ஒழிக்க வந்தவர்கள் தொட்டியை மூடச் சொன்னார்கள். அது எப்போதும் மூடித்தான் இருக்கும். அவர்கள் வீதியைக் கடக்கும்வரை திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடினார்.

வீடு வீடாக வந்து சர்க்கரை பார்க்கும் அரசு நர்ஸ் மட்டும் விடவில்லை. ஐந்து முறை வந்தாள். இவரோ டீயில் நான்கு கரண்டி சர்க்கரை போடுகிறவர். கவனிக்காமல் விட்டு விரலை எடுத்தவர்கள், காலை எடுத்தவர்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவர் அசையவில்லை.

"ரேசன்ல சக்கரை போடறதும் நீங்க, திங்காதீங்கன்னு சொல்றதும் நீங்க. மொதல்ல உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க அம்மிணி."

ஆறாவது முறை நானும் சேர்ந்து கெஞ்சினேன். அவர் என்னைக் கைகாட்டினார்.

"கவர்மெண்டு சொன்னதையெல்லாம் கேக்கறவரு இந்தண்ணன். மொதல்ல இவருக்குக் குத்துங்க. இவருக்கு இருந்துச்சுன்னா நானும் விரலை நீட்டறேன்."

எனக்கு இருநூற்று எழுபத்திரண்டு. மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்லி இன்னொரு விரலிலும் குத்தச் சொன்னேன். இருநூற்று எழுபத்தாறு.

சொன்ன சொல் மாறாமல் அவர் விரலை நீட்டினார். நூற்றுப் பத்து.

அவருக்கு ஒன்றுமில்லை என்றாள் நர்ஸ். எனக்கு மாத்திரை தந்து, இனி டீயில் சர்க்கரையே கூடாது என்றாள். வீதியே சிரித்தது. இரண்டு நாள் நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்து இழுத்துப்போனார். இரண்டு டீ சொன்னார், இரண்டிலும் சர்க்கரை வேண்டாம் என்றார்.

"உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லையே?" என்றேன்.

"ஆமாங்ணா. என்னை யாரும் விடச் சொல்லலீங்களே. அதான் விட்டுட்டேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு, எனக்குத் துணையாக, கிளாஸ் காலியாகும்வரை குடித்தார். அவர் சட்டைப் பைக்குள் கை விடுவதற்குள் நான் காசைக் கொடுத்துவிட்டேன்.

முப்பது ரூபாய்.