நத்தைக்குக் குடும்பத்தின் ஒப்புதல்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அங்கே நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், இதில் இடமில்லை.

விஷயம் என்னவென்றால், ஐம்பத்திரண்டு வயதில் உன் அக்காவுக்கு டாட்டூ ஆசை வந்துவிட்டது. சிரிக்காதே. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ஊரார் கையில் ஊசி குத்துகிறவளுக்குத் தன் கையிலும் குத்திப் பார்க்கத் தோன்றாதா? மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை. ஏன் நத்தை என்று கேட்காதே, பிடித்திருக்கிறது. ஜன்னல் திரை முதல் மூக்குக்கண்ணாடி வரை எனக்காக யார் யாரோ தேர்ந்தெடுத்தாயிற்று, இதையாவது நானே தேர்ந்தெடுக்கிறேனே என்றுதான். ஆனால் புத்தி எங்கே போயிற்றோ, படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்தேன். எங்கள் வீட்டில் பல்பு வாங்கினாலும் அதில் போட்டு ஒப்புதல் வாங்குவதுதானே வழக்கம், கை பழகிவிட்டது. ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். "அம்மா, தள்ளி நின்னு பாத்தா மரு மாதிரி இருக்கும்" என்றான் மகன். "ரத்த வகையை எழுதிக்கோ, அவசரத்துக்கு உதவும்" என்றார் உன் அத்தான். நாத்தனார் போனிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, பேசாம எங்க அண்ணன் பேரைக் குத்திக்கோங்களேன், எவ்வளவு சந்தோஷப்படுவார்!"

"உங்கண்ணன் பேர் வாசக்கதவுல இருக்கு, கரண்ட் பில்லுல இருக்கு, என் சம்பளம் போற பேங்க் கணக்குலகூட முதல் பேரா இருக்கும்மா. காலியா இருக்கறது என் தோல் ஒண்ணுதான், விட்டுடு."

அன்றிலிருந்து அவள் எனக்குக் காலை வணக்கப் படம் அனுப்புவதில்லை. லாபம்தான்.

சனிக்கிழமை நான் டாட்டூ கடைக்குக் கிளம்பினால், துணைக்கு உன் அத்தானும் செருப்பை மாட்டிக்கொண்டார். குத்துகிற பெண், முதலில் இடம் பார்க்க, நத்தையின் அச்சுத்தாளை என் கையில் ஒட்டி எடுத்துக் கோடு பதித்தாள். "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளுங்க... இல்ல இல்ல, மேல... சாஞ்சிருக்கு பாருங்க" என்று இவர் எட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவர்க் கடிகாரம் மாட்டச் சொல்கிற தோரணையில் உத்தரவு போடுகிறார். அவள் துடைத்துத் துடைத்து ஒட்டியதில் என் தோல் தக்காளியாகிவிட்டது. கடைசியில் அவளே பொறுக்காமல், "சார், குத்திக்கப் போறது நீங்களா, மேடமா?" என்றாள்.

"நாங்க வேற வேற இல்லம்மா."

"அப்படின்னா உங்க கையை நீட்டுங்க" என்றேன் நான்.

பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்ட இரண்டு கையையும் மனுஷர் வீடு வரும்வரை எடுக்கவேயில்லை. நானும் குத்திக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் முன்னால் குத்திக்கொண்டால் ஆயுளுக்கும் 'நான் காட்டின இடம்' என்று சொல்லித் திரிவார்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வரும் சனிக்கிழமை தனியாகப் போகிறேன். என் கை, என் தோல், என் நத்தை. இனி இந்த விஷயத்தில் ஒரு ஜீவனிடமும் அபிப்பிராயம் கேட்பதாக இல்லை. உனக்கும் சொல்லத்தான் எழுதுகிறேனே தவிர, கேட்க அல்ல.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நீ யார் பேச்சையும் கேட்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: நத்தை இடப்பக்கம் போகிற மாதிரி ஒன்று, வலப்பக்கம் போகிற மாதிரி ஒன்று, இரண்டும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு, நீ சொல்வதுதான் முடிவு. உன் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.